பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: இணையம் இல்லாத அச்சகத்துக்காக ஒரு போர்ட்

பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய மேட்டரை யூனிகோடுக்கு மாற்றித் தரும் தளங்கள் இணையத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அப்புறம் எதற்கு இன்னொன்று? திருநெல்வேலிப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் சின்னதாக அச்சகம் நடத்துகிறார். கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்பு என்று வருடக்கணக்காகச் சேர்ந்த மேட்டர் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக ஒரு விண்டோஸ் 7 கணினியில் கிடக்கிறது. வைரஸுக்குப் பயந்து அந்தக் கணினிக்கு அவர் இணையமே கொடுக்கவில்லை. செல்போனில் செய்யலாமே என்றேன். "தம்பி, அடுத்தவன் எழுதின கவிதைய முகம் தெரியாத வெப்சைட்ல கொண்டுபோய் நான் ஏன் ஒட்டணும்?" என்றார். நியாயம்தான்.

இணையமே இல்லாமல், பழைய கணினியிலும் போனிலும் ஓட வேண்டும் என்றால் கையில் மிஞ்சுவது பிரவுசர்தான். மாற்றும் வேலைக்கோ பைதானில் ஓப்பன்-தமிழ் என்ற திறமூல லைப்ரரி இருக்கிறது. பாமினி, திஸ்கி, டாப், டாம் என்று பழைய குறியாக்கங்களின் பட்டியல்களெல்லாம் அதில் உண்டு. அதை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். இப்படி ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவதுதான் போர்ட்.

பைதானையே அங்கே நிறுவியிருக்கலாமே என்று தோன்றும். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைதான் 3.8. கட்டளைத் திரையை அண்ணாச்சி கடையில் யாரும் தொட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். பையோடைடு என்ற வழியும் உண்டு. பைதானை வெப் அசெம்பிளியாக்கி அப்படியே பிரவுசருக்குள் ஓட்டலாம். ஆனால் ஒரு பட்டியலும் சில நூறு வரிகளும் உள்ள வேலைக்கு முழுப் பைதானையும் பல எம்.பி. கணக்கில் இழுத்துக்கொண்டு வருவது எனக்கு ஒப்பவில்லை. நம்பை, பாண்டாஸ் மாதிரிப் பெரிய சார்புகள் உள்ள லைப்ரரி என்றால் போர்ட் பண்ண நினைக்காதீர்கள், பையோடைடுதான் சரி. இதற்கு அது வேண்டாம்.

வேலை தொடங்குமுன் உரிமத்தை வாசியுங்கள். லைப்ரரியின் முகப்பில் ஒரு உரிமம் இருக்கும். உள்ளே வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு கோப்பின் தலையில் வேறு உரிமம் இருக்கலாம். ஜிபிஎல் என்றால் நீங்கள் வெளியிடும் போர்ட்டும் ஜிபிஎல்தான். நீங்கள் எடுக்கும் கோப்பு எதன் கீழ் வருகிறது என்பதுதான் கணக்கு.

சரி, பாமினி என்றால் என்ன? அது குறியாக்கமே இல்லை, ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ்த் தோற்றம். சிறிய ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டினால் திரையில் 'தமிழ்' தெரியும். கோப்புக்குள் இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். காற்புள்ளி விசையில் 'இ' இருக்கிறது, அரைப்புள்ளி விசையில் மெய்ப்புள்ளி. இதைவிட முக்கியமானது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருப்பது. 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். யூனிகோடில் மெய் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால்.

மூல லைப்ரரி செய்வது எளிய வேலை. பட்டியலை மேலிருந்து கீழாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் உரை முழுக்கத் தேடி மாற்றுகிறது. இதை வரிக்கு வரி ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவது ஒரு மாலைப்பொழுது வேலை மாதிரித் தெரியும். மொழிகளுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் நேரத்தைத் தின்றன.

பைதானின் 'ரீப்ளேஸ்' எல்லா இடத்திலும் மாற்றும். ஜாவாஸ்கிரிப்டின் 'ரீப்ளேஸ்' சரத்தைக் கொடுத்தால் முதல் இடத்தை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும். 'ரீப்ளேஸ்ஆல்' வேண்டும், அல்லது தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றால் பாமினியில் வேறு தொல்லை: டாலர் குறி 'கூ', நட்சத்திரக் குறி 'ழூ', மேல்நோக்கிய கூரைக் குறி 'டூ'. மூன்றுக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் தனி அர்த்தம் உண்டு. அவற்றின் சிறப்பு அர்த்தத்தை நீக்காமல் சேர்த்தால் நட்சத்திரக் குறி உடனே பிழை காட்டும், டாலர் காட்டாது: 'கூட்டம்' மாறாமல் டாலரோடு நிற்கும். மற்றதெல்லாம் சரியாக இருப்பதால் புரூஃப் பார்க்கிறவர் கண்ணில்தான் படும்.

இன்னொன்று, வரிசை. பைதான் 3.7 முதல் டிக்ஷனரி (சாவியும் மதிப்புமான பட்டியல்) நீங்கள் போட்ட வரிசையைக் காப்பாற்றும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ஆப்ஜெக்ட்டும் காப்பாற்றும், ஆனால் சாவி எண் போல இருந்தால் அவற்றை மட்டும் பிடுங்கி ஏறுவரிசையில் முன்னால் வைத்துவிடும். திஸ்கி பட்டியலைப் பைட் எண்களைச் சாவியாக வைத்து எழுதினால் உங்கள் வரிசை காணாமல் போகும். வரிசை முக்கியமான எந்தப் பட்டியலுக்கும் 'மேப்' பயன்படுத்துங்கள்.

இந்த மாதிரி வித்தியாசங்களைக் குறியீட்டை வாசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதலில் போர்ட் பண்ண வேண்டியது லைப்ரரியின் விடைகளை. பைதானில் மூல லைப்ரரியை ஓட்டி, உள்ளே போனது இது, வெளியே வந்தது இது என்று ஜேசான் கோப்பாக எழுதிக்கொண்டேன். பிறகு நோடில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) என் போர்ட்டை ஓட்டி அந்தக் கோப்போடு ஒப்பிட்டேன். நோட் 18-லிருந்து சோதனை ஓட்டி உள்ளேயே வருவதால் தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை. திஸ்கிக்கு இன்னும் வசதி. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல திஸ்கி, யூனிகோட் என இரண்டு வடிவிலும் உண்டு. ஒன்றை மாற்றி மற்றதோடு ஒப்பிட்டால் போதும்.

கையால் தேர்ந்தெடுத்த சொற்களைவிடக் குருட்டுச் சோதனை அதிகம் பிடித்தது. பட்டியலிலிருந்து மூன்று நான்கு துண்டுகளை இஷ்டத்துக்கு எடுத்து ஒட்டி, இரண்டு பக்கமும் ஓட்டி, வித்தியாசம் வந்தால் அச்சிடு என்று விட்டுவிடுங்கள். வேகத்துக்காகப் பட்டியல் முழுவதையும் ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷனாக்கி இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் மாற்றும்படி எழுதியிருந்தேன். துண்டு துண்டாக வரிசையில் மாற்றுவதும் இதுவும் ஒன்று என்றுதான் தோன்றும். ஒன்றல்ல என்பதைச் சோதனை உடனே காட்டியது. அங்கேதான் பாமினியின் சுபாவமும் முழுதாகப் புரிந்தது.

பாமினியில் துணைக்காலும், 'ர'கரத்தின் உடம்பும் ஒரே விசையில் மாட்டிக்கொள்கின்றன. 'ர்' என்பதைத் துணைக்கால் போட்டுப் புள்ளி வைத்து அடிப்பார்கள். 'ரி' என்பதைத் துணைக்கால் போட்டு இகரக்குறி வைத்து அடிப்பார்கள். பார்க்க அச்சு அசல் ர், ரி மாதிரியே இருக்கும். ரகரத்துக்கென்று முறையான விசையும் உண்டு, 'ர்' முழுதாக வேறொரு விசையிலும் உண்டு. ஆக 'அவர்கள்' என்ற சொல்லை மூன்று விதமாக அடிக்கலாம். ஒரே கட்டுரையில் மூன்றும் இருக்கும், தட்டச்சு செய்தவர் மாறினால் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

இதைக் கவனிக்காமல் மாற்றினால் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆகிறது. சில ஃபான்ட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. செய்தித் தளங்களில் 'சாி', 'அவா்' என்று பார்த்திருப்பீர்கள். எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

கொம்பு சேர்ந்தால் இன்னும் மோசம். 'பெரிய' என்பது கொம்பு, ப, துணைக்கால், இகரக்குறி, ய என்று அடிக்கப்பட்டிருக்கும். நீளமான துண்டை முதலில் பிடி என்ற வழக்கமான விதியில் கொம்பு-ப-கால் மூன்றும் சேர்ந்து 'பொ' ஆகிவிடும், மிச்சமிருக்கும் இகரக்குறி அநாதையாகத் தொங்கி 'பொிய' என்று வரும். 'தெரியும்' 'தொியும்' ஆவதும், பத்துப் 'பேர்' என்பது பத்துப் 'போ்' ஆவதும் இதே கதை.

துணைக்காலைத் தாண்டி ஒரு எழுத்து எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. அடுத்து வருவது புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ என்றால் அது கால் இல்லை, ரகரம். ஏனென்றால் தமிழில் காலுக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. இந்த விதி வந்த பிறகு பாமினிக்கு மட்டும் பட்டியல் மாற்றத்தைக் கைவிட்டேன். கொம்பு இருக்கிறதா, மெய் எது, பின்னால் என்ன என்று எழுத்தெழுத்தாக வாசிக்கும் சிறிய பார்சர் எழுதினேன். மற்றக் குறியாக்கங்களுக்கு மூலப் பட்டியல் அப்படியே வந்தது. முழு லைப்ரரியையும் ஒரே முறையில்தான் போர்ட் பண்ண வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்த வில்லன் 'ள'. பாமினியில் ஔகாரத்தின் சிறகும் ள என்ற எழுத்தும் ஒன்றே. 'தெளிவு' என்பதை அவசரப்பட்டு மாற்றினால் 'தௌிவு'. இங்கேயும் எட்டிப் பார்த்தால் பாதி தீர்கிறது: ள-வுக்குப் பின்னால் குறியோ புள்ளியோ இருந்தால் அது நிச்சயம் மெய். ஒன்றும் இல்லை என்றால்தான் சிக்கல். பௌர்ணமி, கௌரவம், வௌவால், ஔவையார் எல்லாம் ஔகாரம். அதனால் அப்போது ஔகாரம் என்றே எடுத்துக்கொள்வது என் விதி. எழுத்துத் தமிழில் இது கிட்டத்தட்ட எப்போதும் சரியாக வரும். ஆனால் கதைகளில் ஆட்கள் பேசத் தொடங்கியதும் 'கெளம்பு', 'வெளக்கு', 'வெளஞ்ச நெல்லு' என்று வரும். விதிப்படி 'கௌம்பு' என்று மாறும். வட்டார வழக்கில் எழுதுகிறவர்களின் நகரம் திருநெல்வேலி, கேட்க வேண்டுமா? விலக்குச் சொற்களின் பட்டியல் ஒன்று வைத்தேன். அதில் இல்லாத, சந்தேகமான சொற்களை மஞ்சளில் காட்டச் செய்தேன். தானாக முடிவெடுத்து மௌனமாகத் தப்பு பண்ணும் கருவியைவிட, 'இங்கே பாரு' என்று காட்டும் கருவி புரூஃப் ரீடருக்கு உதவும்.

ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியதை ஒரே வடிவாக்கும் யூனிகோட் நார்மலைசேஷன் இதைச் சரிசெய்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். கொம்பையும் காலையும் சேர்த்து 'ொ' ஆக்கும், ஒற்றைக் குறியீடாக்கும். அதனால் கடைசியில் அதை ஓட்டுவது நல்லதே. ஆனால் கொம்போடு ள வந்தால் தொடாது, ஏனென்றால் ஔகாரச் சிறகுக்கு யூனிகோடில் தனி எண் உண்டு, ள அது இல்லை.

திஸ்கியில் வேறு வகைச் சிக்கல். கோப்பைத் திறந்தால் ராஜா, ஹரி, விஷயம் என்ற சொற்களில் கிரந்த எழுத்துகள் மட்டும் சிதைந்திருந்தன. திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் 131 முதல் 134 வரையான பைட்களில் உட்கார்ந்திருக்கின்றன. பைதானில் லத்தீன்-1 குறியாக்கம் என்று சொன்னால் 131 என்பது 131-ஆகவே வரும். பைட்களை எழுத்தாக்கும் பிரவுசரின் டெக்ஸ்ட் டிகோடரில் அதே லத்தீன்-1 பெயரைச் சொன்னால் அது கொடுப்பது விண்டோஸ்-1252. வெப் தரநிலையே அப்படித்தான் வரையறுக்கிறது. 128 முதல் 159 வரையான பைட்களில் பெரும்பாலானவை வேறு எண்களுக்குப் போய்விடுகின்றன. டிகோடரே வேண்டாம், கோப்பைப் பைட்களாக வாசித்து நேரடியாகப் பட்டியலில் தேடுவதுதான் பத்திரம்.

நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் உரையாக எடுத்தால் எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியும் தமிழாகிவிடும். வேர்டிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது கிளிப்போர்டில் எச்டிஎம்எல் வடிவமும் கூடவே வருகிறது, அதில் எந்தத் துண்டு எந்த ஃபான்ட் என்ற தகவல் உண்டு. ஒட்டும் நிகழ்வில் அதை எடுத்து, பாமினி என்று இருப்பதை மட்டும் மாற்றினால் ஆங்கிலம் தப்பிக்கும். பேஜ்மேக்கரின் சொந்தக் கோப்பை வாசிக்க நான் முயலவே இல்லை. ஆர்டிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து, வேர்டில் திறந்து, ஒட்டச் சொல்லிவிட்டேன்.

இனி ஆஃப்லைன் பக்கம். ஆஃப்லைன் வெப் ஆப் என்றாலே எல்லோரும் சர்வீஸ் ஒர்க்கரை, அதாவது கோப்புகளைச் சேமித்து வைத்து இணையம் இல்லாதபோது எடுத்துக் கொடுக்கும் பின்னணி நிரலைச் சொல்வார்கள். ஆனால் சர்வீஸ் ஒர்க்கர் எச்டிடிபிஎஸ் முகவரியிலோ லோக்கல்ஹோஸ்டிலோதான் ஓடும். பென்டிரைவில் கொண்டுபோய் இரண்டு தட்டு தட்டித் திறக்கும் கோப்பில் ஓடாது. ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களைத் தனிக் கோப்புகளாக வைத்தால் அவையும் அப்படித் திறக்கும்போது குரோமில் ஏறாது. ஒரு தடவைகூட இணையத்தைப் பார்க்காத கணினிக்கு ஒரே வழி, எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் அடைத்துவிடுவது. பட்டியல், பார்சர், ஸ்டைல் எல்லாம் உள்ளே. விண்டோஸ் 7-இல் லதா ஃபான்ட் இருப்பதால் தமிழ் ஃபான்ட்டைக்கூட உள்ளே வைக்கத் தேவைப்படவில்லை. குறியீட்டைச் சுருக்கும் மினிஃபை வேலையை நான் பண்ணவில்லை. கோப்பைத் திறந்தால் மூலம் அப்படியே தெரியும், உரிமத்துக்கும் அதுதான் வசதி.

விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிக் குரோம் 109. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், எந்த வசதியைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துவிடும். அணியை நகலெடுத்து வரிசைப்படுத்தும் 'டு-சார்ட்டட்' குரோம் 110-இல் வந்தது. ஒரே ஒரு பதிப்பு தள்ளி! என் மடிக்கணினியில் சமர்த்தாக ஓடிய பொத்தான் அங்கே சத்தமில்லாமல் செத்துக் கிடந்ததற்கு அதுதான் காரணம். இலக்குக் கணினியின் பிரவுசர் பதிப்பை முதல் நாளே எழுதி வைத்து, கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் உங்கள் பில்ட் கருவியிலும் அதையே இலக்காகக் கொடுங்கள். ஆனால் பில்ட் கருவிகள் பொதுவாகத் தொடரியலை மட்டும்தான் பழசாக்கும். இல்லாத மெத்தடைத் தானாகச் சேர்க்காது.

போனுக்கு மட்டும் சர்வீஸ் ஒர்க்கர் வைத்த தனி வடிவம் கொடுத்தேன், அண்ணாச்சியின் மகன் அதைத்தான் பயன்படுத்துகிறான். அதில் கவனிக்க வேண்டியவை சில. நிறுவும்போது கொடுக்கும் கோப்புப் பட்டியலில் ஒன்று கிடைக்காவிட்டாலும் மொத்த நிறுவலும் தோற்கும், எனவே பட்டியலைக் கையால் எழுதாமல் பில்டிலேயே உருவாக்குங்கள். புதிய பதிப்பு வந்தாலும், பழைய பதிப்பைத் திறந்து வைத்திருக்கும் டேப் எல்லாம் மூடும்வரை அது காத்திருக்கும். ரீலோட் அடித்தால் வராது. 'அண்ணே, இன்னும் பழசுதான் தெரியுது' என்ற போன் பெரும்பாலும் இதுதான். காத்திருக்காதே என்று கட்டளையும் போடலாம். ஆனால் பழைய பக்கத்துக்குப் புதிய கோப்பு போய்ச் சேரும் ஆபத்து உண்டு. பாதி மேட்டரை ஒட்டி வைத்திருக்கிறவனுக்கு அது வேண்டாம். 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு பட்டை காட்டி, அவனாகத் தொட்ட பிறகு மாற்றுகிறேன். பதிப்பு எண்ணைத் திரையின் மூலையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடுவதும் பெரிய உதவி.

ஐபோனில், சஃபாரியில் சும்மா திறந்து வைத்தால் நம்பக் கூடாது. அந்தத் தளத்தைத் தொடாமல் சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தினால் சேமித்தவற்றை அது அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த ஆப்புக்கு இந்த விதி கிடையாது. எப்படியும் பயனர் சேர்த்த விலக்குச் சொற்களைப் பிரவுசர் சேமிப்பை மட்டும் நம்பி வைக்காமல், உரைக்கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். அதே கோப்பை அச்சகக் கணினியிலும் ஏற்றலாம்.

கடைசியாக வந்த கோரிக்கை எதிர்த்திசை. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர் இன்னும் பாமினியில்தான் மேட்டர் கேட்கிறாராம், யூனிகோடைக் கொடுத்தால் அவருடைய மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகிறதாம். யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றுவது சுலபம், ஐயத்துக்கே இடமில்லை. நான் எதிர்பாராத லாபம் ஒன்றும் அதில் கிடைத்தது. பெரிய சொற்பட்டியல் ஒன்றை எடுத்து, யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி, மறுபடி யூனிகோடுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால், திரும்பி வரும்போது மாறிப்போகிற சொற்களெல்லாம் கெளம்பு, வெளக்கு வகையறா. விலக்குப் பட்டியலை அதற்குப் பிறகு நான் கையால் எழுதவில்லை. வட்டார வழக்குக் கதைகளை உள்ளே போட்டால் பட்டியல் வெளியே வருகிறது.